ஆசிரியருக்கு யார் துரை?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுக்குத் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பங்கு மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த நாட்களில் முகாம்களுக்குச் சென்ற எம்மிடம் மக்கள் கேட்ட முதற் கேள்வி காணாமற் போனவர்களைப் பற்றியது. அடுத்தது அரிசியைப் பற்றியது. மூன்றாவது கேள்வி நிலத்தைப் பற்றியதாக இருக்கும் என்று எண்ணினோம். ஆனால் தாய்மார் கேட்டது, "சாமி, பள்ளிக்கூடம் எப்ப தொறப்பாங்க?" என்பதே.

அன்பார்ந்த வாசகர்களே, உங்களில் பலருக்கு இக்கேள்வி புதிதல்ல. லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளைந்த பாத்திகளைப் புயலில் இழந்து உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்போர் உங்களில் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் மலையை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்து, போரில் அதையும் விட்டு ஓடிய குடும்பங்களும் உண்டு. நிலத்தைப் பறித்துக்கொள்ளலாம், வீட்டை எரிக்கலாம்; பிள்ளை படித்த படிப்பை எவரும் பறிக்க முடியாது என்ற நம்பிக்கையே உங்களை அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

பள்ளிக்கூடமும் திறந்தது. ஆனால் திறந்த பள்ளிக்கூடத்துக்குள் நிற்கும் ஆசிரியர், தம் கண்முன் இருக்கும் பிள்ளைக்கு எது தேவை என்று தாமே எண்ணிச் செயற்பட முடிகிறதா? முடியாவிடின் அவரைத் தடுப்பது யார்? இதைப் பற்றியே இம்முறை உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். இது ஆசிரியர்களின் தொழிற்சங்க விவகாரம், எமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நட்டப்படுவது உங்கள் பிள்ளை.

வயலும் வகுப்பறையும்

2021ஆம் ஆண்டு உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே ஆணையில் தடை செய்யப்பட்டது. மண்ணை அறிந்த விவசாயியிடம் கேட்கவில்லை. பயிரை அறிந்த ஆய்வாளர் பலர் எச்சரித்ததையும் செவிமடுக்கவில்லை. சேதனப் பசளையை நாம் எதிர்ப்பவர்கள் அல்லர். இவ்விதழ் அதைப் பலமுறை பரிந்துரைத்தே வந்திருக்கிறது. ஆயினும் எந்த நிலத்துக்கு, எந்தப் போகத்தில், எவ்வளவு என்பதை மண்வெட்டி பிடிப்பவரே அறிவார். அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் விளைச்சல் வீழ்ந்து, கடன் ஏறிவிட்டது. ஆணையிட்டவர் எவரும் உங்கள் கடனைக் கட்டவில்லை.

வகுப்பறையும் ஒரு வயல்தான். நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது விதமான மண். காலையில் தேநீர் மட்டும் குடித்து நான்கு மைல் நடந்து வந்த பிள்ளைக்கும் வயிறார உண்டு வந்த பிள்ளைக்கும் ஒரே வேகத்தில் பாடம் ஏறாது. இதைக் கொழும்பிலிருந்தோ வலயக் காரியாலயத்திலிருந்தோ பார்க்க முடியாது. கரும்பலகைக்கு முன் நிற்பவரே பார்க்க முடியும். தாம் கற்ற கல்வியையும் கண்ணாற் காண்பதையும் கொண்டு எதை, எப்படி, எந்த வேகத்தில் கற்பிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும், அத்தீர்மானத்துக்குப் பதில் சொல்லும் கடமையும் சேர்ந்ததையே ஆசிரியரின் தொழில்சார் சுயாதீனம் என்கிறோம். வைத்தியர் மருந்தெழுதும்போது எந்த அமைச்சரும் அவர் பேனாவைப் பிடிப்பதில்லை. ஆசிரியரின் சோக்கட்டியை மட்டும் எத்தனை பேர் பிடிக்கிறார்கள்!

துரையின் பள்ளிக்கூடம்

மலையகத்தில் இந்தக் கதை மிகப் பழையது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்தில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. கேட்பதற்கு நல்ல சட்டம். ஆனால் படித்த பிள்ளை கொழுந்துக் கூடையைச் சுமக்காது என்று அஞ்சிய ஒருவரிடமே அப்பிள்ளையைப் படிப்பிக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. ஆட்டுப் பட்டியின் திறப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

வாத்தியாரை நியமித்தவர் துரை. சம்பளம் கொடுத்தவர் துரை. குடியிருந்த காம்பராவும் துரையுடையது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. பிரட்டு முடிந்து பெற்றோர் மலைக்குப் போனபின் பிள்ளைகள் வருவார்கள். ஆள் குறைந்தால் பெரிய பிள்ளைகளும் மலைக்குப் போய்விடுவார்கள். "ஏன் பிள்ளை வரவில்லை?" என்று கேட்கும் அதிகாரம் வாத்தியாருக்கு இருக்கவில்லை. மாலையில் அவர் லயத்து மக்களுக்குக் கடிதம் வாசித்தார், எழுதிக் கொடுத்தார். கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியோ கணக்கப்பிள்ளையின் கொடுமையைப் பற்றியோ ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்தால், அடுத்த மாதம் அவர் பெட்டியைக் கட்ட வேண்டி வரலாம் என்று மூத்தோர் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

1945இல் இலவசக் கல்வி வந்து நாடே மகிழ்ந்தது. தோட்டப் பள்ளிக்கூடமோ பெரும்பாலும் அதன் வாசலிலேயே நின்றது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணிக்கை போட்டது. நாளைக்கு இங்கே இருப்போமா என்று அறியாத மக்களின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பின்னரே, 1977 தொடக்கம் படிப்படியாகத் தோட்டப் பாடசாலைகள் அரச பாடசாலை முறைமைக்குள் எடுக்கப்பட்டன.

அத்தகைய இருளிலும் சுயமாக நின்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆசிரியராயிருந்து, தொழிற்சங்கவாதியாகி, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். ஆசிரியப் பணி புரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியின் அதிபராயிருந்த இர.சிவலிங்கம் ஒரு தலைமுறை இளைஞரைச் சிந்திக்க வைத்தார். பின்னர் தமிழகம் சென்று நீலகிரியில், தாயகம் திரும்பியோர் என்று பெயர் சூட்டப்பட்ட நம்மவர் நடுவே உழைத்தார். பாடநூலின் கடைசிப் பக்கத்தோடு தம் பணி முடிந்ததென்று இவர்கள் எண்ணவில்லை.

நமது பங்கு

துரைமாரைக் குறைகூறிவிட்டு நாம் கைகழுவ முடியாது. தோட்டப் பள்ளிகள் பலவற்றைத் தொடங்கியவை கிறிஸ்தவ மிஷன்கள். 1854இல் ஆரம்பிக்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனின் பெயரே அக்காலத்தின் மனப்பான்மையைக் காட்டுகிறது. உபதேசியாரே வாத்தியார், வாத்தியாரே உபதேசியார். கத்தோலிக்கப் பாடசாலைகளிலும் சுவாமியாரே முகாமையாளர். நியமனம் அவர் கையில். பூசைக்கு வராத ஆசிரியரின் வேலையும் அவர் கையில். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது திருச்சபை எழுப்பிய கூக்குரல் பெரிது. நமது உரிமை பறிபோகிறது என்றோம். அப்பாடசாலைகளில் நம் ஆசிரியர்களுக்கு எவ்வளவு உரிமை கொடுத்திருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோமா?

இதே திருச்சபையில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. இத்தாலியின் தொஸ்கானா மலைப்பகுதியிலுள்ள பார்பியானா என்ற சிற்றூருக்கு 1954இல் அனுப்பப்பட்ட அருட்தந்தை லொரென்சோ மிலானி, அங்கிருந்த ஏழை உழவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பரீட்சையில் தவறியவர்கள் என்று வேறு பாடசாலைகள் தள்ளிவிட்ட பிள்ளைகள் அவர்கள். பத்திரிகையைப் பாடநூலாக்கினார், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. ஏழையின் பிள்ளையைப் பள்ளி ஏன் வெளியே தள்ளுகிறது என்று அப்பிள்ளைகளே சேர்ந்து எழுதிய நூல் 1967இல் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது. மிலானி அவ்வாண்டே மறைந்தார். அவரைப் பல காலம் சந்தேகத்தோடு பார்த்த திருச்சபையின் தலைவர், பாப்பரசர் பிரான்சிஸ், 2017இல் அவர் கல்லறைக்குச் சென்று செபித்தார். ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின்!

துரை போனார், சுற்றுநிருபம் வந்தது

பாடசாலைகள் அரசிடம் வந்தது பெரும் நன்மை. 1980களிலும் 1990களிலும் தோட்டத்து இளைஞர் யுவதிகள் ஆசிரியர்களாயினர். ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 1994இல் இலங்கை ஆசிரியர் சேவை அமைக்கப்பட்டது. ஆயினும் துரை இருந்த நாற்காலி வெறுமையாகிவிடவில்லை. பலர் மாறி மாறி அதில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஒருவர் அரசியல்வாதி. நியமனத்துக்கும் இடமாற்றத்துக்கும் அவர் தரும் துண்டு வேண்டும் என்ற நிலை பல காலம் இருந்தது. துண்டு பெற்று வந்தவர் துண்டு தந்தவருக்கே கடமைப்பட்டவர், பிள்ளைக்கு அல்ல.

இன்னொருவர் வறுமை. தோட்டப் பாடசாலைகளுக்கென்று 2014, 2015 காலப்பகுதியில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களுக்கு ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபாவே வழங்கப்பட்டது. பின்னர் அது 10,000 ஆனது. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து 620 ரூபா. தாய் பத்து நாள் மலையேறிப் பெற்றதை, மகள் ஒரு மாதம் வகுப்பில் நின்று பெற்றாள். பஸ் காசுக்குத் தாயிடம் கைநீட்டும் ஒருவர், அதிகாரியிடம் "இது சரியல்ல ஐயா" என்று எப்படிச் சொல்வார்? 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை நாட்டின் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது பெற்றோர் பலர் கோபித்தீர்கள். கோபம் நியாயமே. வயிற்றுப் பயம் உள்ளவரிடம் சுயாதீனத்தை எதிர்பார்க்க முடியாது என்பதையும் அதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாமவர் பரீட்சை. 1862இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் பெறும் பெறுபேற்றுக்கு ஏற்பவே பள்ளிக்குப் பணம் என்ற முறை வந்தது. பின்னர் இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளிலும் பின்பற்றப்பட்டது. பரிசோதகர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் மனனம் செய்தார்கள். அம்முறை ஒழிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஆனால் தரம் ஐந்து புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் எத்தனை பேர் என்பதைக் கொண்டே ஆசிரியரை அளக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. வகுப்பில் ஐந்து பேர் தாண்ட, முப்பது பேர் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாமல் ஆறாம் தரத்துக்குப் போகிறார்கள். அந்த முப்பது பேரின் பக்கம் திரும்ப ஆசிரியருக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

நான்காமவர் காகிதம். பாடவேளை இத்தனை நிமிடம், படிகள் இத்தனை, பதிவேடுகள் இத்தனை என்று கட்டளைகள் வருகின்றன. ஆசிரியர் வழிகாட்டிகளிற் பல முதலிற் சிங்களத்தில் தயாரிக்கப்பட்டுத் தமிழாக்கப்படுபவை. அவற்றில் வரும் வயலும் குளமும் மலையகப் பிள்ளை கண்டறியாதவை. வழிகாட்டி வேண்டும், பாதையை வழிகாட்டியே நடந்துவிட முடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலே வாய்ப்பூட்டு ஒன்றும் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருவதை முதலிற் கண்டவர்கள் ஆசிரியர்கள். அவ்வாண்டு செப்டெம்பரில், அரச ஊழியர் சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவதைத் தடுத்துப் பொது நிருவாக அமைச்சு சுற்றுநிருபம் வெளியிட்டது. பசித்த பிள்ளையைக் கண்டவர் பேசக்கூடாது. பேசக்கூடியவர் அப்பிள்ளையைக் கண்டதில்லை.

முன்பள்ளி ஆசிரியைகளின் நிலை இதைவிடவும் கீழே. நியமனக் கடிதமில்லை, ஓய்வூதியமில்லை. பெற்றோர் கொடுக்கும் சிறு தொகையே பலருக்கு வருமானம். "பிள்ளைக்கு இன்னும் எழுதப் பழக்கவில்லையா?" என்று நெருக்கும் பெற்றோரிடம், மூன்று வயதில் விளையாட்டே படிப்பு என்று சொல்லத் தெரிந்தும் சொல்லத் துணிவதில்லை.

மழைப் போத்தல்

புயலின் பின் எமக்குத் தெரிந்த ஒரு தோட்டப் பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறோம். பாடசாலையின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

நான்காம் தரத்து ஆசிரியை லயத்திற் பிறந்தவர். ஆசிரிய உதவியாளராயிருந்து நிரந்தரமானவர். பாடசாலை மீண்டும் தொடங்கியபோது, தகரக் கூரையில் மழை விழுந்தாலே பிள்ளைகள் எழுந்து வாசலுக்கு ஓடுவதைக் கண்டார். சில நாட்களுக்குப் பாடத்திட்டத்தை ஒரு பக்கம் வைத்தார். பிள்ளைகளைக் கொண்டு ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடிமட்டத்தை ஒட்டி, மழைமானி ஒன்று செய்தார். தினமும் காலையில் ஒருவர் அளந்து கரும்பலகையில் எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் சரிவான இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகளைப் பிள்ளைகளுக்கு விளக்கினார். லயத்துக்குப் பின்னால் வெடிப்பு எங்கே, ஊற்று எங்கே என்று படம் வரையச் செய்தார். இடம்பெயர்ந்து போன வகுப்புத் தோழருக்குக் கடிதம் எழுதச் செய்தார். கணிதம், சுற்றாடல், தமிழ் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. பிள்ளைகள் மழைக்கு ஓடுவதை விட்டு, மழையை அளக்கத் தொடங்கினார்கள்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பாடக்குறிப்பையும் பதிவேட்டையும் பார்த்தார். அன்றைய திகதிக்குரிய பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் முன்னிலையிலேயே கண்டித்தார். எழுத்தில் விளக்கம் கேட்டார். போத்தல் அகற்றப்பட்டது.

ஆசிரியை எம்மிடம் வந்தார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள் மகள், பிரச்சினை முடிந்துவிடும்" என்றோம். அவரும் எழுதிக் கொடுத்தார். நல்ல ஆலோசனை சொன்னதாகவே நாமும் நினைத்திருந்தோம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உருளைக்கிழங்குப் பாத்தியை இழந்த ஒரு தகப்பன் வந்தார். "சாமி, அந்த மழைப் போத்தல எடுத்துட்டாங்களாமே? எம் மக தினமும் அளவு சொல்லும். அதக் கேட்டுத்தான் ராவுல வீட்டுல படுக்கிறதா, கோயிலுக்குப் போறதான்னு நாங்க முடிவெடுப்போம். இப்ப யாரக் கேக்கிறது?" என்றார்.

அவர் போனபின் வெகுநேரம் எமக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆசிரியையின் பாடம் சரியா தவறா என்று அதிகாரியும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பதிவேடு சரியா என்றே இருவரும் கேட்டோம். ஓய்வுநாள் சட்டத்தைக் காட்டித் தடுத்தவர்களிடம், சட்டம் மனிதருக்காகவே என்று நினைவூட்டிய ஆண்டவரைத்தான் அன்று காலை பலிபீடத்தில் நின்று போதித்திருந்தோம்.

அந்தத் தகப்பனும் இன்னும் சில பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். நாம் பின் வாங்கில் இருந்தோம். அந்தப் பாடம் எமக்குத் தேவை என்று சங்கத்தின் தீர்மானமாக எழுதிக் கொடுத்தார்கள். அதிபர் நல்ல மனிதர். தனியாக நிற்கத்தான் அஞ்சியிருந்தார். போத்தல் மீண்டும் விறாந்தைக்கு வந்துவிட்டது. ஆசிரியை எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் இன்னும் கோப்பில் கிடக்கிறது.

சுதந்திரமா, சோம்பலா?

"சாமி, எங்கள் பள்ளியில் ஆசிரியர் பத்து மணி பஸ்சில் வந்து ஒரு மணி பஸ்சில் போகிறார். அவருக்கு இன்னும் சுதந்திரமா?" என்று நீங்கள் கேட்பது எம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. வகுப்பிற் பாதியைச் சொல்லி மீதியைத் தனியார் வகுப்பில் விற்பவர், கைத்தொலைபேசியோடு பொழுதைக் கழிப்பவர், மலையகத்தை இடமாற்றத்துக்கான படிக்கட்டாகக் கொள்பவர் எல்லாரும் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாடவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்து மணிக்கு வருபவரின் பதிவேடு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்! மேலே மட்டும் பதில் சொல்லும் முறை, மேலே காட்டக் காகிதம் வைத்திருப்பவரைக் காப்பாற்றுகிறது. பிள்ளைக்காகக் காகிதத்தை மீறியவரைத் தண்டிக்கிறது. ஆசிரியர் பதில் சொல்லத்தான் வேண்டும். தம் அறிவுக்கும், சக ஆசிரியருக்கும், பெற்றோருக்கும், பிள்ளைக்கும் முதலிற் பதில் சொல்ல வேண்டும். காரியாலயத்துக்கு அதன் பிறகு.

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேக்கா வழக்கறிஞர் தொழிலை விட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு வந்தவர். 1930களில் அவர் எழுதிய பகற்கனவு என்ற கதையில், ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் போய், நான்காம் வகுப்பை ஓராண்டுக்கு என் முறைப்படி நடத்த விடுங்கள் என்று கேட்கிறார். அதிகாரியும் சம்மதிக்கிறார், ஆண்டு முடிவில் பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்று காட்ட வேண்டும் என்கிறார். கொடுக்கல் வாங்கல் இதுதான். வழியை ஆசிரியர் தெரிவு செய்யட்டும், விளைவை எல்லாரும் பார்க்கட்டும்.

உலக அளவிலும் இது ஏற்கப்பட்ட நெறியே. 1966 ஒக்டோபர் 5ஆம் திகதி பாரிஸ் நகரில் யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் அமைப்பும் கூட்டிய மாநாடு ஆசிரியரின் அந்தஸ்துப் பற்றிய பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. தம் மாணவருக்கு எந்தப் போதனா முறை ஏற்றது என்று தீர்மானிக்கத் தகுதியானவர் ஆசிரியரே என்றும், மேற்பார்வை அவருக்குத் துணையாக வேண்டுமேயன்றி அவர் முயற்சியை முடக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. அதே பரிந்துரை, ஆசிரியரின் தொழிலுக்குரிய விடயங்களிற் பெற்றோரும் நியாயமின்றித் தலையிடலாகாது என்கிறது. இது நமக்கும் சொன்னதுதான். ஆண்டுதோறும் ஒக்டோபர் 6ஆம் திகதி நம் பாடசாலைகளில் ஆசிரியர் தினத்துக்கு மாலை போடுகிறோம். மாலையோடு இந்த மரியாதையையும் கொடுத்தால் என்ன?

நாம் செய்யக்கூடியவை

பெரிய சட்டங்களை மாற்ற நம்மால் உடனே முடியாது. எனினும் நம் கையில் உள்ளவை சில:

1. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமற் செல்வோம். இடம்பெயர்ந்து வந்தவர்கள், புதிய ஊர், நமக்கென்ன உரிமை என்று தயங்க வேண்டாம். பிள்ளை அங்கே படிக்கிறதென்றால் நமக்கு அங்கே உரிமை உண்டு.

2. "எத்தனை பேர் பாஸ்?" என்ற கேள்விக்கு முன், "எல்லாப் பிள்ளையும் வாசிக்குமா?" என்று கேட்போம். இந்தக் கேள்வி நல்ல ஆசிரியருக்குப் பலம். சோம்பேறி ஆசிரியருக்குப் பயம்.

3. ஆசிரியர் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால், முறைப்பாடு எழுதுமுன் அவரிடமே காரணத்தைக் கேட்போம். காரணம் சரியானால் பகிரங்கமாக ஆதரிப்போம்.

4. நம்மிடம் உள்ளதைக் கொடுப்போம். மண், விதை, மழை, விலை, அளவை பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாடநூலில் இல்லை. ஆசிரியர் அழைத்தால் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் அழைக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

5. முன்பள்ளி ஆசிரியைக்குரிய பணத்தைத் தவணை தவறாமற் கொடுப்போம். கூலி கேட்டு நம் வாசலில் நிற்கும் நிலைக்கு அவரைத் தள்ளிவிட்டு, பிள்ளைக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்ல முடியாது.

6. ஆசிரியருக்கு அநீதி நடந்தால் தனியே விடமாட்டோம். இதை உங்களுக்குச் சொல்வதற்கு முன் எமக்கே சொல்லிக்கொள்கிறோம். அடுத்த முறை எம்மிடம் வரும் ஆசிரியையிடம், மன்னிப்பை எழுதச் சொல்லுமுன் பாடத்தைப் பற்றிக் கேட்போம்.

நூறாண்டுகளுக்கு மேலாக நம் ஆசிரியருக்கு யாராவது ஒரு துரை இருந்தே வந்திருக்கிறார். இனி ஆசிரியருக்குத் துரை வேண்டாம். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். நிலமிழந்து வந்த நீங்களே அதற்குத் தகுதியானவர்கள். மேலிருந்து வந்த ஆணை கீழே என்ன செய்யும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்?

இம்மழைக் காலத்தில் உங்கள் பிள்ளையின் பாடசாலை விறாந்தையில் ஒரு மழைப் போத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால், ஒரு வெற்றுப் போத்தலையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ச் சந்தியுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார், பார்த்துக்கொள்ள விடுங்கள்.